நங்கை குறை சொன்ன நாள்

என் கொழுந்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமான அன்று சாயங்காலமே, இணைச்சீருக்குத் தான் உட்காரப்போவதில்லை என்று நங்கை சொல்லிவிட்டார். கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்றுதான் கூப்பிடுவோம். நிச்சயத்துக்கு வந்தவர்கள் கிளம்பிப் போய், வீட்டு ஆட்கள் மட்டும் மிச்சமிருந்த நேரம். "பெரியப்பா ஊட்டுப் புள்ளை உக்காரட்டும்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, தாம்பூலத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது ஒரு பெரிய விஷயமாகத் தெரியாது. எங்கள் கல்யாணங்களில் தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்கிற சீர் அது. மணப்பெண்ணுக்கு எடுத்த கூறைச்சேலையின் ஒரு தலைப்பு மாப்பிள்ளையின் கக்கத்தில் இடுக்கியிருக்கும். மறுதலைப்பு அக்காவின் கையிலோ தங்கையின் கையிலோ இருக்கும். மண்டபமே பார்த்துக்கொண்டிருக்க, அது பாட்டுக்கு நெடுநேரம் நடக்கும். கூடப்பிறந்தவள் இல்லாத மாப்பிள்ளைக்குத்தான் பெரியப்பா மகளும் சித்தப்பா மகளும் வருவார்கள். ஒரே அக்கா குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது அவர் உட்காரவில்லை என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா?

இருக்கவில்லை. கொழுந்தனார் தானே பார்த்து விரும்பிய பெண்ணைக் கட்டுகிறார், அதில் அக்காவுக்கு மனத்தாங்கல் என்று பேசினார்கள். கேட்டவர்கள் எல்லாரும் அதை நம்பினார்கள். கொழுந்தனாரும் நம்பிவிட்டார். சின்ன வயசில் அக்காவின் இடுப்பை விட்டு இறங்காதவர் அவர். அக்கா உட்காராவிட்டால் இணைச்சீரே வேண்டாம், கோயிலில் வைத்துத் தாலியைக் கட்டிக்கொள்கிறேன் என்று என்னிடம் வந்து சொன்னார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி. மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே தேனொழுகப் பேசுவது எனக்கு ஆகாது. நங்கையை நேராகக் கேட்டுவிடுவது என்று இருந்தேன். அதற்கான சமயம் அவிநாசியில் வாய்த்தது. முதல் பத்திரிகையைச் சாமி பாதத்தில் வைக்க நாங்கள் காரில் போனோம். துடியலூரில் அவருடைய வீட்டுக்குப் போய் அவரை ஏற்றிக்கொண்டபோது, ஏறுவதற்கு முன் அவர் இருக்கையில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டார். சேலை கசங்காமல் இருக்க என்றார். நல்ல வெயில். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன், வேண்டாம் என்றார். வழியில் ஒரு வேகத்தடையில் கார் தூக்கிப் போட, முன் இருக்கையில் இருந்த என் கணவரின் கண்ணாடி மடியில் விழுந்தது. நான் ஏதோ கேலி சொன்னேன். எல்லாரும் சிரித்தோம். நங்கை மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் சிரித்து நான் பார்த்து ரொம்ப காலம் ஆயிற்று என்பது அப்போதுதான் உறைத்தது. உறவுக்காரர்கள் அவரைக் கடுகடுப்பானவர் என்பார்கள். நான் கல்யாணமாகி வந்த புதிதில் அவர் அப்படி இல்லை.

கோயிலுக்குள் போனதும் நேராகக் கைகால் கழுவும் இடத்தைத் தேடிப் போனார். திரும்பி வந்தவரைப் பிராகாரத்து நிழலில் உட்காரவைத்து, உங்களுக்கு உடம்புக்கு என்ன என்று கேட்டேன். மனத்தாங்கலைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவர் கோபுரத்துப் புறாக்களைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இருமுனா ஒண்ணுக்குப் போயிருது கண்ணு" என்றார். "தும்முனா, சிரிச்சா, கீழ உக்காந்து எந்திரிச்சா, போயிருது. நான் எப்படி அத்தனை பேரு முன்னால பட்டைக் கட்டிக்கிட்டு உக்காருவேன்?"

இரண்டாவது பிரசவம் கஷ்டமாக இருந்ததிலிருந்தே இப்படியாம். அந்தப் பையன் இப்போது பள்ளிக்கூடத்துக்குப் போகிறான். கணவருக்குச் சொல்லவில்லை, பெற்ற அம்மாவுக்கும் சொல்லவில்லை. மாதவிலக்குக்கு வைக்கிற நாப்கினை வைத்துப் பார்த்திருக்கிறார், தாங்கவில்லை. கடையில் பெரியவர்களுக்கென்று விற்கிற டயப்பரை ஒரு தடவை வாங்கி, படுத்த படுக்கையானவர்களுக்கு மாட்டுவது போல இருந்ததால் பீரோவுக்கு அடியில் தள்ளிவிட்டார். பஸ்ஸில் போவதை நிறுத்தினார். காலையில் நடப்பதை நிறுத்தினார். வெளியே கிளம்புகிற நாளில் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினார். கடைசியில் சிரிப்பையும் நிறுத்திவிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். என் மேலும்தான், ஏனென்றால் நான் செய்கிற தொழிலே அதுதான்.

சோமனூரில் ஒரு பழைய தறிக்கூடத்தைப் பிடித்து நானும், கல்லூரியில் கூடப் படித்த என் கூட்டாளியும் சின்னதாக ஒரு பட்டறை நடத்துகிறோம். துணியைப் பற்றி அவளுக்குத் தெரியும், வெட்டுவதும் தைப்பதும் என் பாடு. மாதவிலக்கு நாட்களில் உடுத்தி, துவைத்து, திரும்ப உடுத்தக்கூடிய உள்ளாடைகளை அப்போது செய்துகொண்டிருந்தோம். உடம்பை ஒட்டி ஒரு பருத்திப் பின்னலாடைத் துணி, நடுவில் உறிஞ்சுகிற துணி, அடியில் ஈரம் கசியாத மெல்லிய படலம் ஒட்டிய துணி. அவ்வளவுதான் சங்கதி.

முதல் வேலையாக நங்கையைக் கோயமுத்தூரில் ஒரு பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த டாக்டர் இதை ஒரு அதிசயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. பிள்ளை பெற்றவர்களில் எத்தனையோ பேருக்கு இருக்கிறது, வாய் திறப்பவர்கள்தான் குறைவு என்றார். சிறுநீரை அடக்குகிற தசைகளை இறுக்கித் தளர்த்துகிற பயிற்சியைச் சொல்லிக்கொடுத்து, விடாமல் செய்தால் மெல்ல மெல்லக் குணம் தெரியும், தண்ணீர் குடிப்பதை மட்டும் நிறுத்தவே கூடாது என்று கண்டித்தார். அந்த மெல்ல மெல்லவுக்குள் கல்யாணம் வந்துவிடும் என்பதுதான் பிரச்சினை. நங்கையின் முகத்தில் அன்றைக்கே பாதி பாரம் இறங்கியிருந்தது. ஆனாலும் இணைச்சீருக்கு உட்காருவது பற்றி அவர் வாயே திறக்கவில்லை. கல்யாணத்துக்குள் நான் ஒன்று செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

இருக்கிறதையே கொஞ்சம் கனமாகத் தைத்தால் போதும் என்றுதான் நாங்கள் ஆரம்பத்தில் நினைத்தோம். அது நடக்கவில்லை. மாதவிலக்கு கொஞ்சம் கொஞ்சமாக வரும், துணிக்கு அதை வாங்கிக்கொள்ள நேரம் இருக்கும். இதுவோ இருமுகிற நொடியில் மொத்தமாக வந்துவிடும். எவ்வளவு கொள்ளும் என்பதைவிட, எவ்வளவு சீக்கிரம் வாங்கிக்கொள்ளும் என்பதே முக்கியம். என் கூட்டாளி ஈரத்தைச் சட்டென்று பரப்பிவிடுகிற ஒரு துணியைத் திருப்பூரில் தேடிப் பிடித்தாள். அதை மேலே வைத்துத் தைத்து, மேசையில் விரித்து, ஊசி போடும் சிரிஞ்சில் உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரை எடுத்து ஒரே அழுத்தாக அழுத்தினோம். உள்ளே போனது தெரியாமல் போயிற்று. மேலே கையை வைத்துப் பார்த்தால் காய்ந்திருந்தது. இரண்டு பேரும் அன்றைக்குப் பட்டறையில் எல்லாருக்கும் பன் வாங்கிக் கொடுத்தோம்.

பிறகு அதை உடுத்திப் பார்க்க ஆட்கள் வேண்டியிருந்தது. எங்களிடம் தைக்கிற பெண்களிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர்களில் சிலருக்கும், சிலருடைய அம்மாக்களுக்கும் இதே தொல்லை இருந்திருக்கிறது, இத்தனை நாள் ஒருத்தர் மூச்சு விட்டதில்லை. வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டோம். ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்.

"நல்லா இருக்குதுங்க."

நங்கையிடமும் கேட்டேன். "நல்லா இருக்குது கண்ணு" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மாமியாரிடம், நங்கை இணைச்சீருக்கு உட்காருவார், கவலைப்படாதீர்கள் என்று ஜம்பமாகச் சொல்லியும் விட்டேன்.

முகூர்த்தப் பட்டு எடுக்கப் போன அன்று அந்த ஜம்பம் கிழிந்தது. ஜவுளிக்கடையில் பாய் விரித்து எல்லாரையும் உட்காரச் சொன்னார்கள். நாங்கள் உட்கார்ந்தோம். நங்கை தூணில் சாய்ந்து நின்றே சேலை பார்த்தார். காபி வந்தது, வேண்டாம் என்றார். கடைக்காரர் ஏனுங்க அம்மணி, உக்காருங்க என்று எத்தனையோ தடவை சொல்லியும் கால் வலிக்கவில்லை என்று சிரிக்காமல் பதில் சொன்னார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. நல்லா இருக்குது என்று சொன்னதெல்லாம் என் முகத்துக்காகச் சொன்னது என்று அப்போது புரிந்தது.

வீட்டுக்கு வந்து என்னை நானே திட்டிக்கொண்டேன். எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? சாப்பிடக் கூப்பிட்ட வீட்டில் குழம்பில் உப்பே இல்லாவிட்டாலும் நல்லா இருக்குதுங்க என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொள்கிற ஜனங்கள் நாங்கள். ஆசையாக ஒன்றைச் செய்து கொடுத்தவளிடம் போய், அதுவும் சம்பளம் கொடுக்கிறவளிடமோ, தம்பி பெண்டாட்டியிடமோ, நீ செய்தது சரியில்லை என்று யார் சொல்வார்கள்? மரியாதையால் என் பிழைப்பில் மண் விழுந்துகொண்டிருந்தது. உண்மையைச் சொல்லுங்கள் என்று அதட்டினால் இன்னும் நாலு 'ங்க' போட்டு நல்லா இருக்குது என்பார்கள்.

ஆனால் இதே ஜனங்கள்தான் கல்யாண வீட்டிலிருந்து திரும்புகிற பஸ்ஸில், சமையல்காரர் காதில் விழாத தூரம் வந்ததும், பாயசத்திலிருந்து பந்தல்கால் வரைக்கும் பிய்த்து எடுப்பார்கள். குறை சொல்லத் தெரியாமல் இல்லை. செய்தவர் எதிரில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இது உறைத்ததும் எனக்கு ஒரு குறுக்குப் புத்தி தோன்றியது.

மறுநாள் எங்கள் உள்ளாடைகளிலிருந்து எங்கள் பட்டறை லேபிளைப் பிரித்து எடுத்துவிட்டு, வேறு நிற நூலில் வெறும் பட்டி ஒன்றைத் தைத்தேன். வெளியூரில் யாரோ செய்து அனுப்பிய சரக்கு இது, இதைவிட நன்றாக நாம் செய்ய வேண்டும், இதில் என்ன குறை என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அதே பெண்களிடம் கொடுத்தேன். என் கூட்டாளிக்கு அடக்க முடியாத சிரிப்பு, உள்ளே போய் நின்றுகொண்டாள்.

ஒரு வாரம் கழித்து ஆரம்பித்தார்கள் பாருங்கள், நிறுத்தவே இல்லை. ஒரு அம்மா, இதைத் தைத்தவனுக்குக் கண்ணே இல்லைங்க என்றார். இன்னொருத்தர், இதைப் போட்டு நடந்தால் முறுக்குப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடப்பது போலச் சத்தம் வருகிறது, பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்றார். அந்தச் சத்தம் எங்களுக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று? சோமனூரில் எங்கள் பட்டறைக்கு நாலு பக்கமும் தறி ஓடுகிறது. அடியில் இருந்த படலம் சலசலத்தது அந்தத் தறிச் சத்தத்தில் எங்கள் காதுக்கு எட்டவே இல்லை. துடியலூரில் நங்கையின் வீடோ அமைதியான தெருவில் இருக்கிறது. ஒவ்வொரு தடவை எழுந்திருக்கும்போதும் அவருக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

அதைவிடப் பெரிய குறையை, எங்களிடம் எலாஸ்டிக் வைக்கிற ஒரு பெண்ணின் அம்மா சொன்னார். நாற்காலியில் உட்கார்ந்தால் ஒன்றும் இல்லை, கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுந்தால் பின்பக்கம் நனைகிறது என்றார். நாங்கள் மேசையில் தட்டையாக விரித்துத்தான் தண்ணீர் விட்டுப் பார்த்தோம். சம்மணம் போடும்போது துணி நடுவில் மடிந்து ஓடை மாதிரி ஆகிவிடுகிறது, மேலே உடம்பின் பாரம் வேறு அழுத்துகிறது. வந்ததெல்லாம் அந்த ஓடை வழியாகப் பின்னால் ஓடிவிடுகிறது. இணைச்சீரில் பலகையில் அப்படித்தான் உட்கார வேண்டும். நங்கை ஜவுளிக்கடையில் பாயைப் பார்த்து ஏன் பயந்தார் என்பதும் விளங்கியது.

சரக்கு எங்களுடையதுதான் என்று பிறகு அவர்களிடம் சொல்லிவிட்டேன். கண்ணே இல்லை என்று சொன்ன அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவருக்குத்தான் நான் முதலில் நன்றி சொன்னேன்.

அதன் பிறகு எனக்குப் பித்துப் பிடித்த மாதிரிதான். என் கூட்டாளி சலசலக்காத, தோல் போல மெத்தென்று இருக்கிற படலத்துணியைத் தேடி அலைந்தாள். கடைக்குக் கடை அதைக் காதில் வைத்துக் கசக்கிப் பார்த்து, பைத்தியம் என்று பெயர் வாங்கினாள். நான் பின்பக்கத்து வெட்டை இடுப்பு வரை ஏற்றினேன். ஓடை விழுகிற இடத்தில் குறுக்கே சின்னச் சின்ன வரப்புகளாகத் தையல் போட்டேன். வயலில் தண்ணீரை மடை கட்டி நிறுத்துவது போல அங்கங்கே அது நின்று உறிஞ்சிக்கொள்ளும். ஓரங்களையும் லேசாக எழுப்பினேன். மேசைச் சோதனையை நம்புவதை விட்டுவிட்டேன். நானே உடுத்திக்கொண்டு, சிரிஞ்சால் நனைத்துவிட்டு, என் வீட்டுச் சமையலறைத் தரையில் செய்தித்தாளை விரித்து அதன் மேல் சம்மணம் போட்டு உட்காருவேன், எழுவேன், இருமுவேன். செய்தித்தாளில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பேன். எத்தனையோ நாள் தெரிந்தது. என் கணவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் டீயைத் தானே போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்.

கடைசியில் ஒரு நாள் செய்தித்தாள் காய்ந்தே இருந்தது. மறுநாளும் காய்ந்திருந்தது. பட்டறையில் உடுத்திப் பார்த்த பெண்களில் ஒருத்தர், அம்மாவைப் பக்கத்து ஊர்க் கோயில் நோம்பிக்கு பஸ்ஸிலேயே கூட்டிப்போய் வந்தேன் என்று தானாகச் சொன்னார்.

நங்கையிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது நான் எதையும் கேட்கவில்லை, எப்படி இருக்கிறது என்ற வார்த்தை என் வாயில் வராமல் பார்த்துக்கொண்டேன். கேட்டால் என்ன பதில் வரும் என்றுதான் தெரியுமே. அடுத்த வாரம் மண்டபத்தைப் பார்க்க எல்லாரும் கிளம்பினோம். அவர் வீட்டு வாசலில் கார் நின்றது. நங்கை வந்தார், கையில் துண்டு இல்லை. கதவைத் திறந்தவர் ஏதோ நினைத்துக்கொண்டு உள்ளே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு சொம்புத் தண்ணீரை அண்ணாந்து குடித்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். மண்டபத்தில் தம்பியைத் தனியே கூப்பிட்டு என்னவோ சொன்னார். கொழுந்தனார் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்து, நங்கை என்ன சொல்லியிருப்பார் என்று தெரிந்துகொண்டேன்.

கல்யாண நாள் வந்தது. நங்கை அரக்குப் பட்டில் தம்பியின் பக்கத்தில் பலகையில் உட்கார்ந்தார். சீரை நடத்துகிற பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அவர் நிதானமாகச் செய்துகொண்டிருந்தார். நான் முன்வரிசையில் உட்கார்ந்து அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூறைச்சேலைத் தலைப்பைக் கொழுந்தனாரின் கக்கத்தில் இடுக்கினார்கள். அவருக்குச் சின்ன வயசிலிருந்தே கூச்சம் அதிகம். தலைப்பு பட்டதும் நெளிந்தார். பெரியவர், ஆடாமல் இருங்க மாப்பிள்ளை என்று சொல்லித் திரும்ப இடுக்கினார். திரும்ப நெளிந்து, இந்தத் தடவை கிளுக்கென்று சிரித்தும் விட்டார். மண்டபம் சிரித்தது. நங்கை உதட்டை இறுக்கிக்கொண்டு குனிந்தார். குனிந்த தலை குலுங்கியது. நிமிர்ந்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வாய்விட்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் கல்யாணமாகி வந்த புதிதில் கேட்ட அதே சிரிப்பு. பக்கத்திலிருந்த என் மாமியார், இவள் இப்படிச் சிரித்து எத்தனை காலமாச்சு என்று என்னிடம் சொன்னார்.

சீர் முடிந்து அவர் பலகையிலிருந்து எழுந்தார். பட்டு காய்ந்திருந்தது.

பந்தியில் என்னைத் தேடி வந்து பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பரிமாறுகிற ஆள் நகரும் வரை பொறுத்திருந்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"கண்ணு, ஒண்ணு சொல்லோணும். இடுப்புல எலாஸ்டிக் பட்டை கடிக்குது. தொடைகிட்டத் தையலும் உறுத்துது. அடுத்ததுல அதைச் சரி பண்ணிப்போடு."

நான் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு அவரைப் பார்த்தேன். இத்தனை நாளில் என்னிடம் நேருக்கு நேராக அவர் சொன்ன முதல் குறை அது. நல்லா இல்லீங்களா நங்கை என்று கேட்டேன்.

"நல்லா இல்லாததைத்தான் நல்லா இருக்குதுன்னு சொல்லிப்போட்டு நின்னுக்கிட்டே இருந்தேன்" என்றார். "இது நல்லா இருக்குது. இனி நான் தெனமும் உடுத்துவேன், அதனாலதான் குறை சொல்றேன்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இடக்கையால் துடைத்துக்கொண்டு, பட்டை முன்பக்கம் கடிக்கிறதா, பக்கவாட்டிலா என்று கேட்டேன். பக்கவாட்டில் என்றார். தண்ணீர் ஊற்றுகிறவர் வந்தார். நங்கை டம்ளரை நிறைக்கச் சொல்லி, குடித்து முடித்து, இன்னொரு தடவை நீட்டினார்.